காற்றை மட்டும் நிறுத்தும் சுவிட்ச்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையுமே அணைக்கத் தெரியாது. விளக்கை எரியவிட்டுத் தூங்குகிறார்கள், குழாயைச் சொட்டவிட்டு வெளியே போகிறார்கள், எதிரே ஒரு மனுஷன் பேசிக்கொண்டிருக்கும்போதே குனிந்து போனைத் தடவுகிறார்கள்; கேட்டால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறார்கள். கடைக்குப் போனாலும் இதே கதைதான். ஒரு சாமானை எப்படிப் போடுவது என்று ஆயிரம் வழி சொல்லுவான் விற்கிறவன். எப்படி நிறுத்துவது என்று கேட்டால் முழிப்பான். அன்றைக்கு மகனோடு அந்தக் கடையில் நின்றபோது லாரிக்காரருக்கு இந்த எரிச்சல்தான் தொண்டைவரை இருந்தது.

இப்போது அவரிடம் லாரி இல்லை. முழங்கால் போன பிறகு விற்றுவிட்டார். ஆனாலும் தெருவில் அவர் லாரிக்காரர்தான். வீட்டில் இருந்த பழைய வைஃபை பெட்டி இடியில் பொசுங்கிப் போனது. புதிது வாங்கலாம் என்று மகன் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டார். எதற்கும் வராத மனுஷன் வருகிறாரே என்று மகனுக்கு ஆச்சரியம்.

கடைக்குள் ஏசி குளிர். புது பிளாஸ்டிக்கின் வாடை. கண்ணாடித் தட்டில் வரிசையாகப் பெட்டிகள், செத்துக் கவிழ்ந்த பூச்சிகள் காலைத் தூக்கிக்கொண்டு கிடப்பது போல.

"ஐயா, இது புதுசா வந்தது. ஆறு கொம்பு. மாடி வரைக்கும் சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றாள் கடைப்பெண்.

"கொம்பு கிடக்கட்டும்மா. அணைக்கிற சுவிட்ச் எங்க?"

"பின்னாடி பாருங்க, பவர் சுவிட்ச்."

"அதை அமுக்கினா மொத்தமும் செத்துடும். எனக்கு காத்துல போறது மட்டும் நிக்கணும். கம்பியில போறது ஓடிக்கிட்டே இருக்கணும்."

அவள் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மகன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். "அப்பாவுக்கு வைஃபை ஓடினா மண்டைக்குள்ள வண்டு கத்துதாம். படுக்கும்போது அணைச்சுக்கட்டும், விடுங்க."

"ஆப்லயே ஆஃப் பண்ணலாமே ஐயா."

லாரிக்காரர் சட்டைப்பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்துக் காட்டினார். அவள் அடுத்த பெட்டியைத் திருப்பினாள். அதில் ஊசித்துளை ஒன்று இருந்தது. குண்டூசியை விட்டு அமுக்க வேண்டுமாம்.

"நான் என்ன ரத்தம் எடுக்கவா வந்தேன்?"

இன்னொன்றில் ஒரே பட்டனுக்கு ரெண்டு வேலை. லேசாக அமுக்கினால் ஒன்று, அமுக்கிப் பிடித்தால் இன்னொன்று. "எவ்வளவு நேரம் புடிக்கணும்?" என்றார். "அது லைட் அணையற வரைக்கும்" என்று இழுத்தாள். வேண்டாம் என்றார். கடைசியில் அவள் உட்கார்ந்து, கீழ்த்தட்டில் கையை விட்டு, பழைய சரக்கு ஒன்றை எடுத்துத் தூசியை ஊதி வைத்தாள். தட்டையான கறுப்புப் பெட்டி. பக்கவாட்டில் நகக்கண் அகலத்துக்கு ஒரு சுவிட்ச். வைஃபைக்கு மட்டும் என்றாள்.

லாரிக்காரர் கட்டைவிரலை வைத்தார். லாரியின் முன்பலகையில் இருந்த சுவிட்ச் மாதிரியே விரலுக்குப் பிடி கொடுத்தது. அமுக்கினார். டக். பச்சை விளக்கு அணைந்தது. திருப்பி அமுக்கினார். டக். எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டும் ஒரு தடவை செய்து பார்த்தார்.

"இதுதான். விளக்கு அணையுது, எரியுது. ஒளிவுமறைவு கிடையாது."

"விளக்கா?" என்றாள் அவள். "ஐயா, இது காட்டறதுக்கு வச்சிருக்கற பெட்டி. கரண்டே குடுக்கலையே."

பெட்டியைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டினாள். ஒயர் எதுவும் இல்லை. விளக்கும் எரியவில்லை. மகனைப் பார்த்தார், அவன் போனில் இருந்தான். உள்ளே பேட்டரி இருக்கும், இவளுக்குத் தெரியாது, விற்கிற சாமானைப் பற்றி ஒரு இழவும் தெரியாமல்தான் இவர்கள் விற்கிறார்கள் என்று முடிவு செய்து, "கட்டிக் குடும்மா" என்றார்.

மண்டைக்குள் வண்டு என்பது மகனுக்குச் சொன்ன கதை. அவருக்கு அணைக்க வேண்டியது மாடியில் இருந்தது.

மாடி அறையில் அவருடைய அண்ணன் படுத்திருந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், வாய் கோணி, பிள்ளைகுட்டி இல்லாமல் கிடந்தவரை, பெரியப்பாவை யார் பார்ப்பார்கள் என்று மகன்தான் கூட்டிவந்து மாடியில் வைத்தான். அவர் வந்த நாளிலிருந்து லாரிக்காரர் மாடிப்படியில் கால் வைத்ததில்லை. பேசியதும் இல்லை. அந்தக் கணக்கு பழையது. லாரிக்காரரின் மனைவிக்கு மார்வலி வந்த சாயங்காலம், அவர் வெளியூரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் அடுத்த தெருவில்தான் வாடகைக் கார் வைத்திருந்தார். வீட்டிலிருந்து சேதி வந்ததும் லாரிக்காரர் அண்ணனுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே குரல், அவசரமே இல்லாமல், அதே சொற்கள். அவர் வந்து சேர்ந்தபோது மனைவியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். "சார்ஜ் தீர்ந்துபோச்சுடா தம்பி" என்றார் அண்ணன். அதை அவர் நம்பவில்லை. சுடுகாட்டிலும் நம்பவில்லை, பிறகும் நம்பவில்லை. முந்தின வாரம் காருக்கு டயர் மாற்றிய விஷயத்தில் இருவருக்கும் வாய்த்தகராறு. அந்தக் கோபத்தில் அணைத்துப் போட்டான், என் பெண்டாட்டி செத்தாள். அவர் மனதில் அது அப்படியே இறுகிவிட்டது.

இப்போது மகனும் அண்ணன் பக்கம் போய்க்கொண்டிருந்தான். வேலை முடிந்தால் மாடிக்கு ஓடுவான். இருவரும் சேர்ந்து டிவி பார்த்துச் சிரிக்கிற சத்தம் படிவழியே இறங்கி வரும். கீழே அப்பாவிடம் 'சாப்பிட்டீங்களா' என்ற ஒரு சொல்தான். பெண்டாட்டியை எடுத்தது போதாதென்று பையனையும் எடுக்கிறான் என்று லாரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

அண்ணனுக்கு இருந்ததெல்லாம் காற்றில் வந்ததுதான். டிவி வைஃபையில் ஓடியது. கழுத்தில் தாயத்து போல ஒரு வெள்ளைப் பட்டன் தொங்கியது. அமுக்கினால் மகன் போனிலும் மருமகள் போனிலும் மணி அடிக்கும். அதுவும் வைஃபைதான். புதுப் பெட்டியை மாட்டும்போதே மகன் சொன்னான். "அப்பா, ராத்திரி நான் மேல பெரியப்பாகூட படுத்திருக்கும்போது மட்டும் அணைச்சுக்குங்க. மத்த நேரம் வேணாம். பெரியப்பா மணி இதுலதான் ஓடுது." லாரிக்காரர் காதைக் குடைந்துகொண்டிருந்தார். கேட்காத மாதிரி இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு.

வெளியிலிருந்து கம்பி வந்து நுழைவது அவர் அறைக்குள். அதனால் பெட்டியும் அவர் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் உட்கார்ந்தது. அங்கிருந்து ஒரு ஒயர் சுவரோரமாகப் போய் முன்னறையில் மகனின் கம்ப்யூட்டரில் முடிந்தது. மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். காதை முழுக்க மூடிய ஹெட்போனோடு, கதவைச் சாத்திக்கொண்டு, முகம் தெரியாத யாரிடமோ 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று நாள் முழுக்கச் சொல்வான். வேலை நேரத்தில் போனை மேசை இழுப்பறையில் பூட்டிவிட வேண்டும் என்பது அவன் கம்பெனிச் சட்டம். ஆக, கம்பி ஓடினால் போதும். காற்று நின்றது அவனுக்குத் தெரியாது. மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, சாயங்காலம்தான் வருவாள். வேலை நேரத்தில் மணி அடித்தால் அவள்தான் மகனின் கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்புவாள். இதையெல்லாம் யோசித்துத்தான் லாரிக்காரர் கடைக்குப் போனார்.

மகன் மத்தியானச் சாப்பாட்டை மாடியில் கொடுத்துவிட்டு இறங்கி, கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டுவான். லாரிக்காரர் கட்டிலில் சாய்ந்து, தலைக்குமேல் கையைப் பின்னால் நீட்டுவார். டக்.

மேலே டிவி அறுந்து விழும்.

முதல் நாள் அந்த நிசப்தம் வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. ஜன்னல் திரை வெயிலில் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தது, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச்சிட்டது, சுவருக்கு அந்தப்புறம் மகனின் குரல் யாருக்கோ வருந்திக்கொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவே, கூரைக்கு மேலே, ஒரு மனுஷன் படுத்தபடி பட்டனை அமுக்குகிறான், அமுக்குகிறான், யாரும் வரவில்லை. அணைத்து வைக்கப்பட்டுள்ளது. லாரிக்காரர் அந்தச் சொற்களை வாய்க்குள் போட்டு உருட்டினார்.

பிறகு தட்டு கேட்டது. ஊன்றுகோலால் தரையில். தட், தட்.

அந்தத் தட்டு அவருக்குத் தெரியும். கார் வாங்குவதற்கு முன்னால் அண்ணன் சில வருஷம் அவர் லாரியிலேயே கிளீனராக வந்தவர். லாரியின் உடம்பில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. ரெண்டு தட்டினால் போகலாம். விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் பின்னால் வா, இடம் இருக்கிறது, வா. இருட்டில், குறுகிய சந்தில், கண்ணாடியையே பார்க்காமல் அந்தத் தட்டை மட்டும் நம்பி லாரியைப் பின்னால் எடுத்திருக்கிறார் லாரிக்காரர். ஒரு கீறல் விழுந்ததில்லை.

ரெண்டு தட்டுக்குப் பதில் சொல்லாமல் புரண்டு படுத்தார். மருமகள் வருவதற்கு முன்னால் மறுபடி டக். அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று.

"பெரியப்பா டிவி மத்தியானம் நின்னுநின்னு போகுதுன்னு சொல்றாரு" என்றான் மகன் ஒரு நாள்.

"படம் சரியில்லாம நின்னிருக்கும்."

"நீங்க பெட்டியைத் தொட்டீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

மருமகள் சிரித்தாள். "மாமாவுக்கு வேற வேலை என்ன இருக்கு?" என்றாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அந்த மத்தியானம் வந்தபோது எதுவும் வித்தியாசமாக இல்லை. டக். டிவி நின்றது. வழக்கமாக வரும் ரெண்டு தட்டு வரவில்லை. வந்தது ஒற்றைத் தட்டு. தட். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. தட். நிறுத்து என்று அர்த்தம். லாரிக்காரர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். கட்டிலுக்கு நேர்மேலே ஒரு துளை உண்டு. மாடிக்கு ஒயர் இழுக்கிறேன் என்று லைன்காரன் போட்டுவிட்டு, பிறகு வேண்டாம் என்று அப்படியே விட்டது. அண்ணனின் இருமல் அதன்வழியே விழுகிறது என்று லாரிக்காரர்தான் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார். அந்தத் துணிக்கு மேலே, மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. ஓட்டைக் குழாயில் காற்று வருகிற மாதிரி.

தட்.

கை பின்னால் போனது. கட்டைவிரல் சுவிட்சில் பட்டது. அமுக்கியிருக்கலாம். முன்னறைக் கதவை நாலு எட்டில் போய்த் தட்டியிருக்கலாம். விரல் அங்கேயே இருந்தது. 'சார்ஜ் தீர்ந்துபோச்சுடா தம்பி' என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் தட்டு வரவில்லை.

சாயங்காலம் மகன் மாடிக்குப் போனவன் இறங்கி வரவில்லை. அவன் குரல்தான் வந்தது. செத்துக் கிடந்த அண்ணனின் கட்டைவிரல் கழுத்துப் பட்டனை அமுக்கிய மேனிக்கே இருந்ததாம். ஊரே வந்து போன பிறகு, எல்லாம் எரித்து முடித்த பிறகு, மகன் அந்த வெள்ளைப் பட்டனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அமுக்கினான். அவன் போன் அடித்தது. மருமகளின் போனும் அடித்தது.

"இப்ப அடிக்குது பாருங்க" என்றான்.

மறுபடி அமுக்கினான். மறுபடியும் அடித்தது.

"அன்னிக்கு ஏம்ப்பா அடிக்கல?"

"எனக்கு என்னடா தெரியும்."

மகன் அவரையே பார்த்தான். சின்ன வயதில் அம்மாவைக் கிடத்தியிருந்தபோது பெரியப்பாவைப் பார்த்த அதே பார்வை என்று லாரிக்காரருக்குத் தோன்றியது. இவனுக்குத் தெரிந்தால் போச்சு. இருக்கிற ஒரே ஆளும் போச்சு. அந்தப் பயம் அன்றைக்குத்தான் வந்தது. அண்ணன் செத்ததில் அவருக்கு வருத்தம் இல்லை. சரிக்குச் சரி என்றுதான் இருந்தது.

சில நாள் பெட்டியைத் தொடவில்லை. பிறகு ஒரு மத்தியானம், தன் வீட்டில் தான் வாங்கிய சாமானுக்குப் பயப்படுவதா என்று வீம்பு வந்தது. டக்.

தட், தட்.

மேலே அறை பூட்டிக் கிடந்தது. கட்டிலைப் பிரித்து வைத்தாயிற்று. லாரிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். எலி என்றார். தண்ணீர்க்குழாயில் காற்று என்றார். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். சமையலறைக் கூரையில் தட், தட். மேலே அங்கே அறையே கிடையாது, வெறும் மொட்டைமாடி. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தட், தட். தலைக்கு நேர்மேலே, அவர் நிற்கிற இடத்தைத் தேடிப்பிடித்து. ஓடி வந்து சுவிட்சை அமுக்கினார். நின்றது.

அதற்குப் பிறகு அவர் அதை அணைக்கவே இல்லை. பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் படுத்தார். ஆனால் ஒரு நாள், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, அறைக்குள் யாரும் இல்லாதபோது, தெளிவாகக் கேட்டது. டக்.

ஈரக்கையோடு மறுபடி கடைக்குப் போனார். அதே பெண்.

"சுவிட்ச் இல்லாத பெட்டி ஒண்ணு குடும்மா."

"அன்னிக்கு சுவிட்ச் இல்லாததையெல்லாம் திட்டினீங்களே ஐயா."

"திட்டினேன். இப்ப கேக்கறேன். எங்க தடவினாலும் அமுக்க ஒண்ணும் இருக்கக் கூடாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு வழவழப்பான வெள்ளை உருண்டையைக் கொடுத்தாள். மகன் எதுவும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவன் எதுவும் கேட்பதில்லை. மாட்டிவிட்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். லாரிக்காரர் உருண்டையை எடுத்துச் சுற்றிலும் தடவினார். முட்டை மாதிரி. ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது. திருப்தியாகப் பலகையில் வைத்துவிட்டுப் படுத்தார். திரை மஞ்சளாகக் காய்ந்தது. விசிறி கிறீச்சிட்டது. சுவருக்கு அப்பால் மகன் வருந்திக்கொண்டிருந்தான்.

தலைமாட்டில், காதுக்குப் பக்கத்தில், டக்.

உருண்டையின் விளக்கு போயிற்று. விசிறி ஓடியது. கம்பி ஓடியது. மகனின் குரல் ஓடியது. காற்று மட்டும் நின்றது.

தட்டு வந்தது. ரெண்டில்லை, ஒன்றில்லை. விடாமல். தட்தட்தட்தட். பின்னால் வா. இடம் இருக்கிறது. வா.

"டேய்" என்று கத்தினார். முன்னறைக் கதவைத் திறந்தார். மகன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், காதில் ஹெட்போன். "டேய், மேல யாரோ இருக்காங்கடா." மகன் திரையைப் பார்த்து, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றான். தோளைத் தொடக் கையை நீட்டினார். தொடவில்லை. தொட்டால் திரும்புவான். திரும்பினால் கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டிவரும்.

கையை இழுத்துக்கொண்டார்.

படி வீட்டுக்கு வெளிப்பக்கம். வெயில் சுட்டது. ஒரு படி ஏறினால் தட்டு ஒரு படி மேலே போனது. கைப்பிடிக் கம்பியில், சுவரில், பிறகு கதவில். கதவுப் பூட்டு திறந்து தொங்கியது. எலியாகத்தான் இருக்கும். எலிதான். எலி பூட்டைத் திறக்குமா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே மருந்து வாடை. மூத்திர வாடை. வெறும் தரை. ஊன்றுகோல் மூலையில் சாய்ந்திருந்தது. ஆள் இல்லை. யாருமே இல்லை. தட்டு நின்றுவிட்டது.

பார்த்தாயா, ஒன்றும் இல்லை.

கட்டில் கிடந்த இடத்தில் தரையில் அந்தத் துளை. அதிலிருந்து வெளிச்சம் வந்தது. கீழே அடைத்த துணியைக் காணோம். முழங்கால் கதறக் கதறக் குனிந்தார். மண்டியிட்டார். கண்ணைத் துளையில் வைத்தார்.

கீழே அவர் அறை. அவர் கட்டில். அவர் கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார்.

அவர் பனியன். அவர் கைலி. தலைக்கு அடியில் மடித்து வைத்த அவருடைய துண்டு. முகம் அண்ணனுடையது என்றும் சொல்லலாம், அவருடையது என்றும் சொல்லலாம், கூடப்பிறந்தவர்கள்தானே. வாய் கோணியிருக்கவில்லை. கண் திறந்திருந்தது. நேராகத் துளையைப் பார்த்தது.

படுத்திருந்தவர் கையைத் தலைக்குமேல் பின்னால் நீட்டினார். நிதானமாக. பழகிய கை. அந்த வழவழப்பான உருண்டையில் கட்டைவிரலை வைத்தார்.

டக்.

லாரிக்காரர் மகனைக் கூப்பிட்டார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார்.

இல்லை.

கையில் ஊன்றுகோல் இருந்தது. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. தரையில் தட்டினார். தட். நிறுத்து. தட். கீழே படுத்திருந்தவர் புரண்டு படுத்துக்கொண்டார்.

தட்.

எவ்வளவு நேரம் தட்டினார் என்று தெரியவில்லை. வெயில் இறங்கிவிட்டது. வாசலில் ஸ்கூட்டர் சத்தம். மருமகள். சுவரைப் பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு கால் பேச்சைக் கேட்காமல் இழுபட, இறங்கினார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றார். அம்மாடி என்றார். அவருக்கே கேட்கவில்லை. அவள் கண் அவர்மேல் பட்டது, பட்டு நழுவி, பின்னாலிருந்த செடித்தொட்டியில் போய் நின்றது. "தண்ணியே ஊத்தறதில்ல யாரும்" என்று முணுமுணுத்தபடி அவரை உரசிக்கொண்டு உள்ளே போனாள்.

"மாமா, டீ போடட்டா?"

அவர் அறைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. அந்தக் கரகரப்பு. சொல்லுக்கு முன்னால் அந்தச் செருமல்.

"போடும்மா. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."

முன்னறைக் கதவு திறந்தது. மகன் வெளியே வந்தான். சோம்பல் முறித்தான். அந்த அறை வாசலில் நின்று, உள்ளே பார்த்து, முகம் மலர, ரொம்ப நாளைக்குப் பிறகு, "என்னப்பா, இன்னிக்கு நல்லா தூங்கினீங்களா?" என்றான். உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். உள்ளே இருந்தவர் ஏதோ சொன்னார். மகன் சிரித்தான். வாய்விட்டு. மாடியில் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

லாரிக்காரர் வாசலில் நின்று கேட்டார்.

இப்போதெல்லாம் யார் குரலை வேண்டுமானாலும் போனில் செய்துவிடுகிறார்கள். பேசச் சொன்னால் பேசும், சிரிக்கச் சொன்னால் சிரிக்கும். அப்பனை மிரட்ட மகனும் மருமகளும் சேர்ந்து ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்கிறார்கள். இவர் என்ன பச்சைப் பிள்ளையா. ஜன்னல் வழியே ஒரு எட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? பார்த்தால் நம்பிவிட்டதாக அல்லவா ஆகும்.

பார்க்கவில்லை. கேட்டைத் திறந்தார். எப்போதும் கிறீச்சிடுகிற கேட் இப்போது கிறீச்சிடவில்லை.

தெருவில் விளக்கு போட்டிருந்தார்கள். ஆட்கள் குனிந்து போனைத் தடவிக்கொண்டு எதிரே வந்தார்கள், விலகாமல் வந்தார்கள், அவர்தான் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். முதுகுக்குப் பின்னால் டீ ஆற்றுகிற சத்தம். மூன்று பேர் பேசிக்கொள்கிற சத்தம். நம்பவில்லை. எதையும் நம்பவில்லை. ஊன்றுகோலை ஊன்றி, கேட்காத காலை இழுத்துக்கொண்டு, உதடு மட்டும் ஓயாமல் அசைய, லாரிக்காரர் போய்க்கொண்டே இருந்தார்.